உட்காரச் சொல்லி உத்தரவு

எங்கள் குடிநீர் வாரியத் தலைமை அலுவலகத்தில் எல்லோரும் ஒழுங்காகச் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அது எழுந்து நிற்பது. தலைவருடைய கார் வாசலில் ஹார்ன் அடித்ததும் எல்லா மாடிகளிலும் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கும். அவர் படியேறி, வராந்தாவைக் கடந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை நிற்போம். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் வருவார் என்று இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க வந்த பொதுமக்களும் ஏன் எதற்கு என்று தெரியாமல் எங்களோடு நிற்பார்கள். அவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்கள் ஆகையால் அவர்களுக்கு அதில் பெரிய சிரமம் இல்லை.

இந்தக் கலையில் கரைகண்டவர் எங்கள் புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர். கார் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்துவிடுவார். எப்படித்தான் தெரியுமோ, அவர் எழுந்தால் கார் வருகிறது என்று அர்த்தம். நாங்கள் அவருக்கு ஸ்பிரிங் என்று பெயர் வைத்திருந்தோம். மனிதருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தலைவர் ஓய்வு பெற்றார். புதிய தலைவர் வந்தார். எங்கள் நிம்மதி அன்றோடு சரி.

முதல் நாள் அவர் ஹார்ன் அடிக்காமல் வந்துவிட்டார். நாங்கள் பதறியடித்துக்கொண்டு எழுந்தபோது அவர் எங்கள் பிரிவின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கழுத்தில் விசில் மாட்டிய இளைஞர் ஒருவர். அவர்தான் வாரியத்தின் புதிய பண்பாட்டு ஆலோசகர் என்று பிறகு தெரிந்தது.

"ஏன் எழுந்தீங்க?" என்றார் தலைவர்.

ஸ்பிரிங்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு மரியாதைதான் சார்" என்றார்.

"எனக்கு மரியாதை வேண்டாம். யாராவது மரியாதை குடுத்தா எனக்குக் கெட்ட கோபம் வரும். உக்காருங்க!"

பொத்தென்று உட்கார்ந்தோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, ஒரு வார்த்தைதான் சொன்னேன், எப்படி மாறிட்டாங்க!" என்றார் ஆலோசகரிடம். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

மத்தியானம் எல்லோரையும் கூட்ட அரங்கில் சேர்த்துத் தலைவர் பேசினார்.

"நான் உங்க தலைவர் இல்ல. உங்கள்ல ஒருத்தன். இதை ஒத்துக்காதவங்க யாராவது இருந்தா என் அறைக்கு வந்து என்னைப் பார்க்கணும். இந்த வாரியத்துல பயம்ங்கிற வார்த்தையே இருக்கக் கூடாது. பயப்படறவங்க மேல கண்டிப்பா நடவடிக்கை எடுப்பேன். மாற்றம்ங்கிறது மேலேருந்து வரக் கூடாதுங்க. உள்ளேருந்து, தானா வரணும். அது வர்ற திங்கட்கிழமை காலையில வந்தாகணும்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

கை தட்டினோம். சமமானவர்கள் ஒருவருக்கொருவர் கை தட்டிக்கொள்ள மாட்டார்கள் என்றார். சட்டென்று நிறுத்தினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தியது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி எவரும் எவருக்காகவும் எழுந்து நிற்கலாகாது. ஸ்பிரிங்குக்கு அதில் ஒரு சந்தேகம். தலைவர் வரும்போது வேறு வேலையாக ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர் என்ன செய்வது? நல்ல சந்தேகம் என்று பாராட்டி மறுநாளே விளக்கச் சுற்றறிக்கை விட்டார்கள். நிற்பவர்கள் தலைவருக்காக நிற்பதாகத் தோன்றக் கூடுமாகையால், அவர்கள் உடனே, இருக்கும் இடத்திலேயே, உட்கார்ந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை மாற்றம் வந்தது. தலைவர் எப்போது வருகிறார் என்று தெரியாவிட்டால் எப்படி உட்காருவது? ஆகவே ஸ்பிரிங் டிரைவரைத் தனியாகப் பார்த்துப் பேசி மறுபடி ஹார்ன் அடிக்க வைத்தார். ஹார்ன் கேட்டதும் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்தார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். பல்பு மாற்ற ஏணியில் ஏறியிருந்த எலெக்ட்ரீஷியன் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து, அங்கிருந்து தலைவரைக் குனிந்து பார்த்தார். வரிசையில் நின்ற பொதுமக்களும் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்தார்கள். அதில் பெரியவர் ஒருவருக்குத் திரும்ப எழுந்திருக்க முடியவில்லை. பாவம், தேய்த்துக்கொண்டே கவுண்டர்வரைக்கும் வந்து சேர்ந்தார். கவுண்டரோ உயரம். உள்ளே இருந்தவருக்கு அவர் தலை தெரியாததால் இனி யாருமில்லை என்று சாத்திவிட்டுப் போய்விட்டார்.

தலைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார். பழைய தலைவர் விடுவிடென்று போய்விடுவார். இவர் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நடந்து போனால் எவ்வளவு உயரமாகத் தெரிவார் என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கட்டி வந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். உட்காரும் இடத்தில்.

டாக்டரம்மா கட்டியைக் கீறி, சீழை எடுத்து, புண்ணுக்குள் துணியை வைத்து அடைத்தார். "இந்தத் துணியைத் தினமும் மாத்தணும். இது உள்ளேருந்து ஆறிக்கிட்டு மேல வரணும், தெரியுதா? அவசரப்பட்டு மேல்தோல் மூடிக்கிச்சுன்னா பார்க்கறதுக்கு நல்லா இருக்கும். உள்ளே சீழ் அப்படியே நிக்கும். மறுபடி கிளம்பும்" என்றார்.

"எப்ப உக்காரலாம் டாக்டர்?"

"நான் சொல்ற வரைக்கும் நில்லுங்க. முடியலைன்னா குப்புறப் படுங்க."

அலுவலகத்தில் குப்புறப் படுப்பதற்கு அதுவரை சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

லீவு போட்டிருக்கலாமே என்பீர்கள். அதில்தான் வினையே. புதிய பண்பாட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது. வெளிப்படை வெள்ளி என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். அந்த வாரம் வந்த லீவு விண்ணப்பங்களையும் மருத்துவச் சான்றிதழ்களையும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆலோசகர் உணர்ச்சியோடு வாசிப்பார். பம்ப் பிரிவுப் பொறியாளர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொடுத்து மாட்டிக்கொண்டார். வாசித்து முடித்ததும் கேள்வி நேரம் வேறு. எத்தனை தடவை, எப்படி என்றெல்லாம் கேட்டு, கடைசியில் அவருடைய துணிச்சலைப் பாராட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கட்டி எங்கே என்று அந்த அரங்கில் என்னைக் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மேஜைமேல் பழைய புகார்க் கட்டுகளை அடுக்கி உயர்த்தி, அதன்மேல் வைத்து நின்றுகொண்டே எழுதினேன். பக்கத்து மேஜையில் டைப்பிஸ்ட் அக்கா. டைப் மிஷின் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவருக்கு அந்தப் பெயர்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, கட்டியா?" என்றார் மெல்ல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிக்கா தெரியும்?"

"எங்க வீட்டுக்காரரும் இதே மாதிரிதான் நின்னாரு. ஒரு மாசம் ஆச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்க வேலையைப் பாருங்க."

அப்போது ஹார்ன் கேட்டது. பிரிவு முழுக்கப் பொத்பொத்தென்று உட்கார்ந்தது. ஸ்பிரிங் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், கடைசியில் கும்பிட்டே விட்டார். நான் என்ன செய்வேன்? நின்றேன்.

தலைவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் அவருடைய நடை நின்றது.

"ஏன் நிக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

"எனக்காகவா?"

"இல்ல சார். எனக்காக."

தலைவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கத்தை அவருக்குக் காட்டாமல் நானும் கூடவே சுற்றினேன். "பயம்!" என்றார் ஆலோசகரிடம். "பாருங்க, உள்ளே எப்படி ஊறிப்போயிருக்கு. நான் சொல்லியும் உக்கார முடியல இவரால. இவரை மாத்திக் காட்டறோம். இல்லைன்னா இவரை மாத்திடறோம்."

இரண்டாவது மாற்றுவது எதுவென்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாரியத்துக்குக் காட்டுக்குள்ளே ஒரு நீரேற்று நிலையம் உண்டு. அங்கே பஸ் போகாது. ஒரு மோட்டாரும் ஒரு தகரக் கொட்டகையும்தான். மாற்றலாகிப் போனவர்களில் ஒருவர் மோட்டாரோடு பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பின்னால் போனவருக்கு மோட்டார் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. என் மனைவி வீட்டுக்கு முன்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவர்களை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் தகரக் கொட்டகையில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வதை நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

மறுநாளிலிருந்து ஆலோசகர் என்னை எடுத்துக்கொண்டார்.

"சின்ன வயசுல உங்கப்பா உங்களை நிக்க வெச்சு அடிச்சிருக்காரா?"

"எங்கப்பா கடையில உக்காந்தே இருந்தவருங்க. அடிக்கணும்னாலும் எங்களைப் பக்கத்துல வரச் சொல்லித்தான் அடிப்பாரு."

"நாற்காலியைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"உக்காரணும் போல இருக்குங்க." இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்துவிட்டது. அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு எங்கள் பிரிவு முழுவதற்கும் இசை நாற்காலிப் பயிற்சி வைத்தார். பாட்டு நின்றதும் உட்கார வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் ஒரு நாற்காலி குறைவாக இருக்கும். அது ஒருவரை நிற்க வைத்து அவமானப்படுத்துகிறது, சமத்துவத்துக்கு விரோதம் என்று இவர் ஆளுக்கொரு நாற்காலி போட்டுவிட்டார். ஆகவே யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை, ஆட்டமும் முடியவில்லை. ஒவ்வொரு தடவை பாட்டு நின்றபோதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள், நான் என் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். சாப்பாட்டு மணி அடித்துத்தான் எங்களைக் காப்பாற்றியது. வெளியே கவுண்டரில் தண்ணீர் வராத ஜனங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

இதற்குள் எனக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வந்துவிட்டது. பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் பழைய தலைவரின் ஆள், அவர் திரும்பி வருவார் என்று நின்று காத்திருக்கிறேன் என்று ஒரு மாடியில் பேச்சு. இன்னொரு மாடியில் நான் புரட்சிக்காரன்.

"தம்பி, கணக்குப் பிரிவுல ரெண்டு பேர் உங்களைப் பார்த்து நின்னுட்டாங்களாம்" என்றார் டைப்பிஸ்ட் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "தனிமனித சுதந்திரத்துக்காக நிக்கறாங்களாம்."

"ஐயய்யோ! அவங்களை உக்காரச் சொல்லுங்கக்கா."

"சொன்னேன். கட்டியே இல்லாம உக்கார மாட்டேங்கறாங்க."

ஸ்பிரிங் என்னைத் தனியே கூட்டிப்போய் அழாத குறையாகப் பேசினார். "நான் ஓய்வு பெறப் போற நேரம்யா. உன்னால எம்பேரு கெடுது. எனக்கு மட்டும் உக்கார ஆசையா? ஹார்ன் கேக்கும்போதெல்லாம் என் காலு ரெண்டும் தானா எழுந்திரிக்குது, நான் மேஜையைக் கையால பிடிச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். நானே மாறிட்டேன். உனக்கென்னய்யா?"

அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் கட்டியைப் பற்றிச் சொன்னால் அது வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னை விசாரிப்பதென்று உத்தரவாயிற்று. அன்று காலையில் மனைவி புண்ணில் துணி மாற்றிக்கொண்டே திட்டினாள்.

"கட்டின்னு சொல்லித் தொலைச்சா என்ன? ஊர்ல யாருக்கும் வராததா உங்களுக்கு வந்திருக்கு?"

"எங்கன்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்றது. நீங்க என்ன அதை ஊருக்கு வெளிய வெச்சிருக்கீங்களா? எல்லாருக்கும் அங்கதான் இருக்கு."

"உனக்கென்ன, நீ சொல்லிடுவே. எக்ஸ்பிரஸ் மாதிரி எனக்கு ஒரு பேரு வெச்சாங்கன்னா நம்ம பொண்ணுக்கு நாளைக்கு..."

"அப்ப போங்க, காட்டுல போய் மோட்டாரோட குடும்பம் நடத்துங்க" என்றாள். கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவள் முடிக்கும்போது அழுதுவிட்டாள். நான் குப்புறப் படுத்தபடி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

போகிற வழியில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். கடவுள் கண்ணைத் திறந்தார். "நல்லா ஆறிட்டு வருது. இனிமே மெதுவா உக்காரலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஜாக்கிரதை. உள்ளே துளி மிச்சம் இருந்தாலும் திரும்பி வரும்." நான் வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே மிஷினில் உட்கார்ந்து, நடுவில் ஓட்டை வைத்த மெத்தை ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் பூ வேறு. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகம் போனேன். உட்கார்ந்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்காக நான் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அரங்கில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் தலைப்பக்கம் கிடையாது, எல்லோரும் சமம். தலைவர் எங்கே உட்காருவார் என்று தெரிய வேண்டுமே என்பதற்காக மட்டும் அவருடைய நாற்காலியைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். வட்டத்தின் நடுவில் எனக்கு ஒரு நாற்காலி.

தலைவர் உட்கார்ந்தபடியே பேசினார். "இங்க யாரும் யாரையும் விசாரிக்கல. நாம எல்லாரும் சேர்ந்து இவரை விசாரிக்கிறோம். நான் இவர்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஏன் என் பேச்சைக் கேக்கல? என் பேச்சை யாரும் கேக்கணும்னு அவசியமே இல்லைன்னு எத்தனை தடவை உத்தரவு போட்டிருக்கேன்! அந்த உத்தரவையே மதிக்கலைன்னா அப்புறம் எப்படிங்க சமத்துவம் வரும்?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஸ்பிரிங் கொஞ்சம் கூடுதலாக ஆட்டினார்.

"கடைசியாச் சொல்றேன். பயப்படாம உக்காருங்க. உக்காரலைன்னா திங்கட்கிழமை நீரேற்று நிலையம்."

"உக்காந்துடறேன் சார்" என்றேன்.

அரங்கில் சலசலப்பு. நான் மெத்தையை நாற்காலியில் வைத்தேன். ஓட்டையைச் சரிபார்த்தேன். இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, கண்களை இறுக மூடி, மெதுவாக, மிக மெதுவாக இறங்கினேன். எத்தனை நாளாயிற்று! மெத்தை உடம்பில் பட்டது. வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

அப்போது ஒரு போன் மணி அடித்தது. ஒரு நாற்காலி மடாரென்று பின்னால் விழுந்தது. "அய்யா! வணக்கங்கய்யா!" என்று ஒரு குரல். தலைவருடைய குரலேதான், ஆனால் யாரோ தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எங்கள் எல்லோருக்கும் பழக்கமான அந்தப் பழைய சத்தம். அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகரும் சத்தம்.

நான் கண்ணைத் திறந்தபோது அரங்கமே நின்றுகொண்டிருந்தது.

முதலில் எழுந்தது ஸ்பிரிங் என்று டைப்பிஸ்ட் அக்கா பிறகு சொன்னார். தலைவர் நிற்கும்போது அவருடைய காலால் சும்மா இருக்க முடியவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததல்லவா, மனிதர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். ஆலோசகர் பேனாவும் கையுமாக நின்றார். போனில் அமைச்சர் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"அய்யா... சொல்லுங்கய்யா... இல்லய்யா, நின்னுக்கிட்டுதான்யா இருக்கேன். உங்க குரலைக் கேட்டும் உக்காந்திருப்பேனாய்யா? ...ஆகட்டும்யா... உங்க மச்சான் வீட்டுக்கா? இன்னைக்கே லாரி அனுப்பிடறேன்யா... நான் உங்க காலடியில கிடக்கறவன்யா..."

போனை வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் எங்களைப் பார்த்தார். அவர் நிற்கிறார். எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் பூப்போட்ட மெத்தையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் உட்கார்ந்தால் இவ்வளவு நேரம் நின்றதை ஒத்துக்கொண்டதாகும். அவர் உட்காராமல் மற்றவர்கள் எப்படி உட்காருவது? எனக்கோ எழுந்திருக்கவும் பயம். காட்டு மோட்டாரின் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. தலைவர் என்னையே பார்த்தார். அவருடைய முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரர்.

"பாருங்க! நாம எல்லாரும் ஏன் எழுந்து நிக்கறோம்?" என்றார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை.

"ஏன்னா இவர் உக்காந்துட்டார்! பயத்துலயே வாழ்ந்த மனுஷன் இன்னைக்கு அத்தனை பேர் நிக்கும்போது தன்னந்தனியா உக்காந்திருக்கார். இதுதாங்க மாற்றம்! இதை மதிச்சுத்தான் நான் எழுந்தேன். யாராவது என்னை எழுந்திருக்கச் சொன்னாங்களா? இல்லையே! உள்ளேருந்து வந்துச்சு!"

கை தட்டல் காதைப் பிளந்தது. இந்த முறை அவர் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

நீரேற்று நிலையம் போயிற்று. நான் தப்பித்தேன். மனைவி அன்று தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாள். திங்கட்கிழமை போனால் புதிய சுற்றறிக்கை காத்திருந்தது. நான் இனி வாரியத்தின் மாற்ற முன்மாதிரி. முன்மாதிரி வரும்போது அனைவரும் தத்தம் உள்ளத் தூண்டுதலால் எழுந்து நிற்க வேண்டும். தூண்டுதல் வராதவர்கள் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் நீரேற்று நிலையம்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஐயோ, உக்காருங்கப்பா" என்று ஓடிப்போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த நாள் ஓடவில்லை, நடந்தேன். அதற்கடுத்த வாரம் கணக்குப் பிரிவு வழியாகச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தேன். அங்கே காற்று நன்றாக வரும். சுதந்திரத்துக்காக நின்ற அந்த இரண்டு பேரும் எனக்காக முதல் ஆளாக எழுந்தார்கள். ஸ்பிரிங் என்னை வா போ என்று பேசுவதை நிறுத்திவிட்டு வாங்க போங்க என்றார். நான் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்துவிடுகிறாராம். சொல்வதற்கென்ன, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை நான் நுழைந்தபோது பிரிவே எழுந்தது. டைப்பிஸ்ட் அக்கா மட்டும் உட்கார்ந்தபடி தட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். சும்மாதான் நின்றேன்.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன் தம்பி."

"அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க?"

அக்கா கையை நிறுத்தவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்காக" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அதற்குள் ஸ்பிரிங் பின்னால் வந்து காதோரம் குனிந்தார். "விளக்கம் கேட்டு எழுதிடட்டுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

என் கட்டியைப் பற்றி இந்த அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அக்கா. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அது எனக்குத் தெரியும், அது ஞாபகமும் வந்தது. ஆனால் ஸ்பிரிங் கேட்ட அந்த ஒரு வார்த்தை அதற்கு முன்னாலேயே என் நாக்கு நுனிக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே விழுங்கினேன்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். எல்லாரும் உக்காருங்க" என்றேன்.

யாரும் உட்காரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உத்தரவுங்களா?" என்றார் ஸ்பிரிங்.

"உத்தரவெல்லாம் இல்ல. சும்மா உக்காருங்க."

"உத்தரவு இல்லாம எப்படிங்க..."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன்.

பொத்தென்று பிரிவு முழுவதும் உட்கார்ந்தது, ஒரே நேரத்தில். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"குரல் நல்லா வந்திருக்கு தம்பி" என்றார் அக்கா, திரையைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் வீட்டில் மனைவி தட்டு வைத்தாள். நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

"என்னங்க, நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க?"

"சும்மாதான்."

"மறுபடி வந்துடுச்சா?"

"வந்த மாதிரிதான் இருக்கு" என்றேன்.

"டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க, உள்ளே மிச்சம் இருக்கும்னு. தட்டைக் கீழே வெச்சிட்டுத் திரும்புங்க, பார்க்கலாம்" என்றாள்.

"அங்க இல்ல" என்றேன்.